போதைமருந்துத் தடைச் சட்டமும் மார்ஃபின் கிடைப்பும்

மார்ஃபின் என்பது அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வலிநீக்கி மருந்தாகும். முற்றிய புற்றுநோயால் ஏற்படும் கடும் வலிக்கு இது முதன்மை மருந்தாகக் கொள்ளப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. எனினும் இது போதைப்பொருளும் ஆகையால், 1985 ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியாவில் நோயாளிகளுக்குக் கிடைப்பது மிகவும் அரிதாயிற்று. உலகின் மருத்துவத் தேவைக்குச் சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

வரலாறு

தடைச் சட்டங்களின் வரலாற்றில் சேலத்திற்குத் தனி இடம் உண்டு. இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் அப்போது அதனுள் அடங்கியிருந்தன. அச்சட்டத்தின் முகவுரை மதுவகைகளோடு போதைமருந்துகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது.

நாடு முழுமைக்குமான போதைமருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபினிச் சட்டங்களும் 1930 ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும் இதனால் நீக்கப்பட்டன. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. கைப்பற்றப்பட்ட அளவுக்கேற்பத் தண்டனையைத் தரம்பிரிக்கும் திருத்தம் 2001 இல்தான் வந்தது.

மருந்து அரிதானமை

சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடைசெய்யவில்லை. உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம் என்றே கூறியது. சிக்கல் உரிம முறையில் இருந்தது. விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை வகுத்தது. வேறொரு மாநிலத்திலிருந்து மார்ஃபின் மாத்திரைகளை வாங்க விரும்பும் மருத்துவமனை, வைத்திருத்தல், கொணர்தல், கொண்டுசெல்லல் எனத் தனித்தனி அனுமதிகளைப் பெறவேண்டியிருந்தது. விற்கும் மாநிலத்தின் ஏற்றுமதி அனுமதியும் தேவை. இவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருக்கவேண்டும். கடைசி அனுமதி கைக்கு வருமுன் முதலாவது காலாவதியாகிவிடுவதுண்டு. பல மாநிலங்களில் இவ்வுரிமங்களை வழங்கியது மதுவைக் கட்டுப்படுத்தும் ஆயத்தீர்வைத் துறையே.

கணக்கேட்டில் ஏற்படும் சிறு பிழையும் குற்றமாகலாம் என்ற அச்சத்தால் மருந்துக்கடைகளும் பல மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்து, 1997 இல் 18 கிலோகிராமாகக் குறைந்தது. மார்ஃபினைக் கையாண்டு பாராத ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவானமை இதைவிட நீடித்த விளைவாகும். சட்டத்தைத் திருத்துவதைவிட இவ்வச்சத்தைப் போக்குவது கடினமாக இருந்துள்ளது.

ஊரகப் பகுதிகளில் இதன் தாக்கம் மிகுதி. வாய்வழி மார்ஃபினின் சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணிநேரமே வேலை செய்யும். ஆகவே மருத்துவமனையில் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவது போதாது. மாத்திரை வீட்டில் இருக்கவேண்டும். கொல்லிமலை அல்லது இராசிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் நோயாளிக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் அது கிடைக்காதபோது, குடும்பத்தில் ஒருவர் தறிவேலையையோ வயல்வேலையையோ விட்டு நகரத்திற்குச் செல்லவேண்டும். கூலியும் பேருந்துக் கட்டணமும் மருந்தின் விலையைவிட மிகலாம். மார்ஃபின் விலை குறைந்த மருந்தே.

சீர்திருத்தம்

கேரளத்தில் 1993 இல் தொடங்கப்பட்ட கோழிக்கோடு வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் முதலியோரின் முயற்சியால், வாய்வழி மார்ஃபினை வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கும் பாதுகாப்பாக வழங்கமுடியும் எனக் காட்டியது. நடுவண் அரசு 1998 இல் எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. பல மாநிலங்கள் அவற்றை ஏற்கவில்லை. 2007 இல் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.

2014 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் "இன்றியமையாப் போதைமருந்துகள்" என்ற புதிய வகையை ஏற்படுத்தி, அவற்றுக்கான விதிகளை நாடு முழுவதும் ஒன்றாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஐட்ரோகோடோன் ஆகிய ஆறும் 2015 இல் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. பல உரிமங்களுக்கு மாறாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே ஏற்பு போதும் என்றானது. ஏற்பு பெறும் மருத்துவமனையில் வலிநீக்கத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்கவேண்டும்; சிறு மருத்துவமனைகளுக்கு இதுவே தடையாகலாம்.

ஆயினும் 2017 இல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கை, இந்தியாவின் தேவையில் சுமார் 4 விழுக்காடே நிறைவேறுவதாக மதிப்பிட்டது. மார்ஃபினுக்கு மாற்றாகப் பலரும் எழுதிவந்த டிரமடால் 2018 இல் இதே சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று, பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே சென்று அளிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது.