அரசன் தந்த அனுமதியும் சட்டம் தந்த உரிமையும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை என்பது கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் நாள். பதுளையைச் சுற்றியும், பசறையிலும், நமுனுகுல மலைச் சரிவிலும் உள்ள சிற்றாலயங்களில் அன்று கூடுவோர் பெரும்பாலும் ஒருசில குடும்பத்தினரே. தகரக் கூரைமீது மழை கொட்டினால் உபதேசியாரின் குரல் கேளாது. ஆயினும் செபம் நிற்பதில்லை. விசுவாசத்தின் பொருட்டு உலகின் பிற இடங்களில் துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்கென ஒரு மன்றாட்டும் அச்செபத்தில் இடம்பெறுவதுண்டு. வேதநூலைக் கையில் வைத்திருப்பதே பெருங்குற்றமாகும் வட கொரியா போன்ற நாடுகள் இன்றும் உள்ளன அல்லவா? மன்றாட்டைச் சொல்லி முடித்து, குடையை விரித்துக்கொண்டு, மாரியம்மன் கோயிலைக் கடந்து லயத்துக்குத் திரும்பும் குடும்பத்தை வழியில் எவரும் மறிப்பதில்லை. இந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதும் அரிது.

சமயத் துன்புறுத்தல் என்றதும் ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரை வருத்துவது என்றே பலரும் கொள்வர். இலங்கைச் சரித்திரம் அவ்வளவு எளிதானதன்று. மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய தமிழர்களை 1544 இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்தான். பின்னர் வந்த போர்த்துக்கேயர் நல்லூரிலும் திருகோணமலையிலும் சைவக் கோயில்களை இடித்தனர். அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரோ, தாமும் கிறிஸ்தவராயிருந்தும், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் தருவோர் மரணதண்டனைக்கு உரியவர் என்று 1658 இல் கட்டளை பிறப்பித்தனர். துன்புறுத்தியோர் பட்டியலில் எச்சமயத்தாரும் விடுபடவில்லை என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் நலம்.

ஒல்லாந்தரின் அக்கட்டளை நடைமுறையில் இருந்த காலத்தில்தான், 1687 இல், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் என்னும் குருவானவர் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பகலில் மறைந்திருந்து, இரவில் வீடு வீடாகச் சென்று பூசை செய்தார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் பிடித்துச் சென்றனர். வாஸ் தப்பினார். அவர் அடைக்கலம் தேடி ஏறியது மலைநாட்டுக்கே. 1692 இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் அங்கும் சிறையே கிடைத்தது. எனினும் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் பின்னர் அவரை விடுவித்து, தன் இராச்சியத்துள் சமயப் பணி செய்ய இடமளித்தான். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. உற்றாரே நோயாளரைக் கைவிட்ட வேளையில், வாஸ் அவர்களைத் தம் கையால் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். 1711 இல் கண்டியிலேயே காலமான அவருக்கு, 2015 இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார்.

அன்றைய கண்டி இராச்சியத்தில் ஊவாவும் அடங்கியிருந்தது. ஆகவே இன்று துன்புறுவோருக்காக மன்றாட்டு எழும் இம்மலைகள், ஒருகாலத்தில் துன்புற்றோர் ஓடிவந்த மலைகளே. கரையோரத்துக் கிறிஸ்தவ ஆட்சி மறுத்ததை மலைநாட்டுப் பௌத்த அரசு கொடுத்தது. ஆனால் அரசன் தந்தது அனுமதிதான்; உரிமையன்று. அரியணையில் ஆள் மாறியபோது மனமும் மாறிற்று. 1740களில் கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகள் கரையோரத்தில் நீங்கியது பிரித்தானியர் ஆட்சியில், 1806 இல்.

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தோட்டத் தொழிலாளியைப்போல் அறிந்தவர் எவருமிலர். தமிழ்க் கூலி மிஷன் 1854 இல் தொடங்கப்பட்டு, தமிழ் உபதேசியார்கள் மலையேறி வந்தபோது, துரையின் சம்மதமின்றி லயத்துப் பக்கம் செல்ல இயலாது. ஆலயம் எழும்ப வேண்டிய நிலமும் துரையுடையது. திருநாளுக்கு விடுமுறை தருவதும் அவர் விருப்பம். மாரியம்மன் திருவிழா எடுத்த இந்துத் தொழிலாளியின் நிலையும் இதுவே. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை வாரநாளில் பள்ளிக்கூடமாகவும் ஞாயிறன்று செபக்கூடமாகவும் இருந்தது. பலர் எழுத்தறிந்தது அங்கேதான்.

சட்டத்திலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. எச்சமயத்தின் சுதந்திரமான அநுட்டானத்தையும் தடைசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு கூறிற்று. 1972 இன் யாப்போ சமய சுதந்திரத்தைப் பிரசைகளுக்கு உரியதாக வகுத்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, அதுவரை பிரசாவுரிமை பெறாதிருந்த தோட்டத் தமிழர் அந்த எழுத்துக்கு வெளியே நின்றனர். அவர்கள் கோயிலையும் ஆலயத்தையும் யாரும் பூட்டிவிடவில்லை. ஆயினும் பூட்டினால் காட்டுவதற்கு அவர்களிடம் ஏடு இல்லை. 1978 இன் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, மனச்சாட்சிச் சுதந்திரத்தை 10 ஆம் உறுப்புரையில் ஆள் ஒவ்வொருவருக்கும், வழிபாட்டுச் சுதந்திரத்தை 14 ஆம் உறுப்புரையில் பிரசை ஒவ்வொருவருக்கும் வழங்கிற்று. நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த நாடற்றோருக்குப் பத்தாண்டுத் தவணையொன்றும் இருந்தது. நம்பிக்கை எல்லோருக்கும், கூடி வழிபடுதல் தவணைக்கு! 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்கள் பிரசாவுரிமையை அளித்த பின்னரே அக்குறை தீர்ந்தது.

எழுதப்பட்ட உரிமையும் உயிரைக் காத்துவிடும் என்பதற்கில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் ஆலயத்தில் ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தனர். தொலைவிலுள்ள எவருக்காகவோ சொல்லப்பட்டுவந்த மன்றாட்டு அன்று சொந்த நாட்டுக்கே உரியதாயிற்று. மறுமாதமே குருநாகல், கம்பஹா மாவட்டங்களில், குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. துன்புற்றோருக்கான செபம் அவர்களை விட்டுவிட்டால் அது அரைச் செபமே.

ஆரவாரமில்லாத வேறொரு தொல்லையும் உண்டு. புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2008 இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டடத்துக்கென வந்த அதனைக் காட்டி, வீட்டில் செபத்துக்குக் கூடும் சிறு சபையாரிடமும் பதிவுப் பத்திரம் கேட்கப்பட்டதாக முறைப்பாடுகள் பல எழுந்துள்ளன. லயத்து அறையொன்றில் பத்துப் பேர் கூடும்போது இக்கேள்வி வந்தால், பத்திரமில்லாத தந்தை தலைகுனிந்து விளக்கை அணைத்துவிடுவார். தனித்தேனும் பிறரோடு சேர்ந்தேனும், பகிரங்கமாகவேனும் அந்தரங்கமாகவேனும் வழிபடலாம் என்கிறது 14 ஆம் உறுப்புரை. அவ்வுரிமைக்கு எல்லை வகுக்க 15 ஆம் உறுப்புரை இடந்தருகிறது. ஆனால் அவ்வெல்லை சட்டத்தினால் விதிக்கப்படல் வேண்டும். இவ்விரண்டு உறுப்புரைகளையும் தோட்டப் பாடசாலையின் குடியியற் கல்விப் பாடவேளையில் ஒருமுறை உரக்க வாசிக்கச் செய்தால் போதும். மாலையில் லயத்துக்குத் திரும்பும் பிள்ளை அதைத் தந்தைக்குச் சொல்லிவிடும்.