ரி நிணநீர்க்குழியத்தை இனங்காட்டும் பிறபொருளெதிரி

மாணவர்களே! 1986இல் சென்னையில் வைத்தியர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதலாவது எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். இவ்வைரசு அழிப்பது உதவி ரி நிணநீர்க்குழியங்களையே. எஞ்சியவற்றை எண்ணுவது எவ்வாறு? நுணுக்குக்காட்டியில் ரி, பி இரண்டும் ஒரே தோற்றமுடையவை.

ஆனால் ரி கல வாங்கி ரி நிணநீர்க்குழியத்தில் மாத்திரமே உண்டு. அதனோடு சீ.டீ.3 என்னும் புரதம் இணைந்திருக்கும். இப்புரதத்துடன் பொருந்தும் பிறபொருளெதிரிக்கு ஒளிரும் சாயமூட்டிக் குருதி மாதிரியுடன் கலப்பர். உதவிக் கலத்திலுள்ள சீ.டீ.4 இற்கு வேறு நிறம். கலங்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கையில் இருநிறமும் ஒளிர்பவை எண்ணப்படும். (கலைப்பிரிவில் படித்த எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா?) எச்.ஐ.வி. தொற்றுடையவரில் இவ்வெண்ணிக்கை ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 200இலும் குறைந்தால் அது எயிட்ஸ் நிலை.

கவனிக்க: இப்பிறபொருளெதிரி நோயாளியின் உடலில் உண்டானதன்று, ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டது. இரண்டையும் குழப்பி எழுதினால் புள்ளி கிடையாது.