கண் ஏன் காத்திருக்கிறது?

இருட்டறை. திரையின் நடுவே ஒரு சிறு ஒளிப்புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். தாடையை ஒரு தாங்கியில் பதித்து வைத்திருப்பதால் தலையைத் திருப்ப வழியில்லை. சட்டென்று நடுப்புள்ளி அணைந்து, வலப்பக்கம் இன்னொன்று தோன்றுகிறது. கண் அங்கே தாவுகிறது. சோதனை இவ்வளவுதான். புள்ளி தோன்றியதற்கும் கண் கிளம்பியதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு அது 200 மில்லி விநாடியை ஒட்டி வரும். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

அடேயப்பா, என்ன வேகம் என்று தோன்றலாம். உண்மையில் இது பெரிய தாமதம். விழித்திரையில் ஒளி பட்டு, செய்தி நடுமூளைக்குப் போய்ச் சேர 40 முதல் 50 மில்லி விநாடி ஆகிறது. அங்கிருந்து கட்டளை கீழே இறங்கி, கண் தசைகளை இழுக்க இன்னொரு 20. ஆக எழுபதுக்குள் முடிய வேண்டிய வேலை. கிளம்பிய பிறகோ கண்ணின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது; பெரிய தாவல்களில் அது விநாடிக்கு 500 டிகிரியையும் தாண்டும். அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் கார்ப்பெண்டர் 1981இல் எழுதிய ஒரு கட்டுரையில், கண் வேலையை ஒத்திப்போடுகிறது என்றே சொன்னார்.

கண்ணை ஓட வைப்பதைவிட, ஓடாமல் பிடித்து வைப்பதில்தான் மூளை அதிகம் மெனக்கெடுகிறது. மூளைத்தண்டில் ‘ஆம்னிபாஸ்’ நியூரான்கள் என்றொரு சின்னக் கூட்டம் இருக்கிறது. நாம் ஒன்றை நிலைகுத்திப் பார்க்கும்போதெல்லாம் இவை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்துக்கொண்டே, தாவலைத் தொடங்கும் நியூரான்களை எழவிடாமல் அடக்கி வைக்கின்றன. ஒரு பிரேக் மாதிரி. கண் எந்தத் திசையில் தாவுவதானாலும் முதலில் இவை ஓய வேண்டும். தாவல் முடிந்த மறுகணம் மறுபடி துடிக்கத் தொடங்கிவிடும். இது கீழ்மட்டம். இதற்கு மேலே நடுமூளையில் இருக்கும் சுப்பீரியர் கோலிகுலஸ், தாவ வேண்டிய இடத்தைக் குறிக்கும் வரைபடம் போன்ற பகுதி. அதன் முன்முனையில் உள்ள நியூரான்களும் பார்வையை இருந்த இடத்திலேயே நிறுத்தப் பார்க்கின்றன. அந்தக் கோலிகுலஸையே சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி ஓயாமல் அடக்கி வைக்கிறது என்று ஹிகோசாகாவும் வுர்ட்ஸும் 1983இல் குரங்குகளில் காட்டினார்கள். ஹண்டிங்டன் நோயில் இந்த அடக்குமுறை சீர்கெடுகிறது. நினைத்தபோது கண்ணைத் திருப்ப முடிவதில்லை. வேண்டாதபோது அது தானாகத் தாவுவதைத் தடுக்கவும் முடிவதில்லை. நரம்பியல் மருத்துவர் இரண்டு விரல்களைக் காட்டி, இதைப் பார், அதைப் பார் என்று சொல்வது சும்மா இல்லை.

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டார்கள். புதுப்புள்ளி வருவதற்கு 200 மில்லி விநாடி முன்னதாகவே நடுப்புள்ளியை அணைத்துவிட்டால் கண் சீக்கிரம் கிளம்புகிறது என்று 1967இல் சாஸ்லோ கண்டார். பின்னர் ஜெர்மனியின் ஃபிஷர் குழுவினர் அதே உத்தியில் குரங்குகளிலும், அடுத்து மனிதர்களிலும், 100 மில்லி விநாடி அளவிலேயே கிளம்பும் தாவல்களைப் பதிவு செய்து ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆக, விரைவாகக் கிளம்பக் கண்ணால் முடியும். மூளைதான் விடுவதில்லை.

ஏன் விடுவதில்லை? கோலிகுலஸுக்கு ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்; அது என்ன என்பது அவ்வளவாகத் தெரியாது. இலை அசைந்தாலும் தாவு, பாம்பு அசைந்தாலும் தாவு என்பதுதான் அதன் கணக்கு. எது பார்க்கத் தகுந்தது என்று தீர்மானிப்பது பெருமூளையின் புறணி. அதற்கு நேரம் வேண்டும். தாவும் அந்தக் கணத்தில் பார்வை மங்கிவிடுவதால் தவறான தாவல் வீண் செலவு. விநாடிக்கு மூன்று வீதம் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் தாவுகிற உறுப்புக்கு இந்தச் சிக்கனம் தேவைதான்.

விசித்திரம் இன்னொன்று உண்டு. அதே ஆள், அதே புள்ளி, அதே வெளிச்சம். ஒரு முறை 150, மறுமுறை 300. இதற்குக் கார்ப்பெண்டர் தந்த விளக்கம் எளிமையானது. புள்ளி தோன்றியதும் மூளையில் ஒரு முடிவுச் சமிக்ஞை சீராக ஏறுகிறது. ஒரு வரம்பைத் தொட்டதும் கண் கிளம்புகிறது. ஏறும் வேகம் மட்டும் முறைக்கு முறை மாறுகிறது. 1996இல் ஹேன்ஸும் ஷாலும் குரங்கின் முன்மூளையில் மின்முனை வைத்துப் பார்த்தபோது அப்படியே இருந்தது. வரம்பு மாறவில்லை, ஏறும் வேகம்தான் மாறியது. எப்போது கிளம்புவோம் என்று எதிரி கணிக்க முடியாதபடி இருப்பது விலங்குக்கு நல்லது, அதனால் மூளையே இந்தத் தாறுமாற்றைச் சேர்க்கிறது என்பது கார்ப்பெண்டரின் எண்ணம். எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் அவரும் வில்லியம்ஸும் 1995இல் காட்டிய ஒன்றில் ஐயமில்லை: புள்ளி வலப்பக்கமே அடிக்கடி வருமானால், அந்தப் பக்கத் தாவல்களின் தாமதம் குறைகிறது. எதிர்பார்ப்பு நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

கிரிக்கெட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பீட்டர் மெக்லியாட் 1987இல் பந்து எதிர்பாராமல் திரும்பும்படி தரையை அமைத்துச் சோதித்தார். எதிர்வினைக்கு, கைதேர்ந்த பேட்ஸ்மேன்களுக்கும் 200 மில்லி விநாடி அளவு தேவைப்பட்டது. அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைப் போலத்தான். பிறகு 2000இல் அவரும் மைக்கேல் லேண்டும் திறமையில் வேறுபட்ட மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கேமராவைப் பொருத்தி, பந்துவீச்சு இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். பந்து கிளம்பும்போது அதைப் பார்த்த கண், பிறகு அதை விட்டுவிட்டு, பந்து தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிப்போய்க் காத்திருந்தது. மூவரில் கெட்டிக்காரரின் கண்தான் முதலில் கிளம்பியது. கத்துக்குட்டி பந்தைப் பார்த்தபடியே இருந்து பிந்தித் தாவினார். பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது பயிற்சியாளர்களின் பழைய அறிவுரை. அதை ஓரளவுக்காவது கேட்டவர் அந்தக் கத்துக்குட்டிதான்.