உப்பளத்து ஏழையும் உலகின் ஆயுதச் செலவும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது, வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே வெயில் இருந்தால்தான் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், கூலியும் நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இந்த உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய குடும்பங்களுக்குக் கைகொடுக்கப் பணம் இல்லையா என்று கேட்கிறோம். உலகின் பணம் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும்.

ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் உலக நாடுகள் இராணுவத்திற்குச் செலவிட்ட தொகை சுமார் 2,71,800 கோடி டாலர். இதில் இந்தியாவின் பங்கு 8,610 கோடி டாலர். உலக அளவில் ஐந்தாம் இடம்.

இதே கேள்வியை நம் நாட்டு மண்ணில் நின்று எழுப்பியவர் திருத்தந்தை ஆறாம் பவுல். 1964 டிசம்பரில், பம்பாயில் நடந்த அனைத்துலக நற்கருணை மாநாட்டிற்கு அவர் வந்திருந்தார். ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, வறியோருக்காக ஓர் உலக நிதி அமைக்க வேண்டும் என்று அங்கே வேண்டுகோள் விடுத்தார். அது எளிதான நேரம் அல்ல. 1962இல் சீனாவுடன் போர் நடந்திருந்தது. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டைச் சோதித்திருந்தது. அச்சம் சூழ்ந்த நாட்டில்தான் அவர் இதைச் சொன்னார். 1967இல் 'மக்களின் முன்னேற்றம்' என்ற சுற்றுமடலில் பம்பாய் வேண்டுகோளை மீண்டும் நினைவூட்டினார்.

நாடுகள் முயலாமல் இல்லை. மனித வளமும் பொருள் வளமும் மிகக் குறைந்த அளவே ஆயுதங்களுக்குச் செல்ல வேண்டும் என்று 1945இல் ஐ.நா. சாசனத்தின் 26ஆம் பிரிவு கூறியது. 1973இல் ஐ.நா. பொதுச்சபை, பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் இராணுவச் செலவை 10 விழுக்காடு குறைத்து, மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை.

ஏன்? முதல் காரணம், அளவுகோல். ஒருவர் மூட்டைக் கணக்கிலும் மற்றவர் லாரிக் கணக்கிலும் உப்பை அளந்தால் பேரம் எப்படி முடியும்? எது இராணுவச் செலவு என்பதில் நாடுகளுக்கிடையே ஒத்த கருத்து இல்லை. ஆகவே 1980இல் ஐ.நா. ஒரு பொதுவான கணக்குப் படிவத்தை உருவாக்கியது. நாடுகள் தாமாக முன்வந்து அதை நிரப்பி அனுப்பலாம். இரண்டாவது காரணம், அவநம்பிக்கை. அண்டை நாடு குறைக்காதபோது நாம் மட்டும் குறைப்பதா என்ற அச்சம். இந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் நேரில் சோதித்தறிய வழி இருந்தபோது பேச்சுவார்த்தை பலன் தந்தது. 1987இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட உடன்படிக்கையால் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. இரு தரப்புப் பார்வையாளர்களும் நேரில் சென்று சரிபார்த்தனர். 2019இல் அந்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. கட்டியதைக் காக்காவிட்டால் அதுவும் கரைந்துவிடும் என்பதற்கு இது பாடம்.

2020இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு பசியைப் போக்க உலக நிதி அமைக்குமாறு தம் சுற்றுமடலில் மீண்டும் கேட்டார். பம்பாயில் ஒலித்த குரல் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது.

1968 முதல் சனவரி முதல் நாளை உலக அமைதி நாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. இதைத் தொடங்கியவரும் ஆறாம் பவுலே. மழை ஓய்ந்தபின், தேங்கிய நீரை வெளியேற்றி, சேற்றை மிதித்து, பாத்தியைச் சமன் செய்துதான் உப்பளத் தொழிலாளி புதுப் பருவத்தைத் தொடங்குகிறார். ஒரே நாளில் உப்பு விளைவதில்லை. அமைதியும் அப்படித்தான். நம் வரிப்பணம் எதற்குச் செல்கிறது என்று அறிந்துகொள்வோம். நம் பிரதிநிதிகளிடம் கேட்போம். பேச்சுவார்த்தை மேசையில் அமர்வோருக்காகச் செபிப்போம்.