படிவத்தில் அடங்காத பெயர்கள்

வேலைவாய்ப்பு விண்ணப்பங்களை இன்று பல நிறுவனங்கள் தமது இணையத்தளங்கள் ஊடாகவே ஏற்கின்றன. இதனால் காலமும் செலவும் மீதமாகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து விண்ணப்பிக்கும் தமிழ் இளைஞர்கள், படிவத்தின் முதல் வரியிலேயே இடர்ப்படுவதை நாம் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நிரப்பாவிடின் பல படிவங்கள் மேலே செல்ல அனுமதிப்பதில்லை. தமிழரிடையே பரம்பரைக் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தையின் பெயர் முன்னும் தம் பெயர் பின்னும் வருவதே நமது வழக்கம். ஆகவே ஒருவர் தந்தையின் பெயரையும் மற்றொருவர் தமது பெயரையும் அக்கட்டத்தில் இடுகின்றனர். இதனால் சான்றிதழ்களிலுள்ள பெயருக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே முரண்பாடு தோன்றுகின்றது. மகளின் விண்ணப்பத்துக்குத் தந்தையின் பெயரை விளித்துப் பதில் வருவதும் உண்டு.

அடையாள அட்டை இலக்கமும் இத்தகையதே. 2016 முதல் 12 இலக்கங்கள் வழக்கிலுள்ளன. அதற்கு முந்திய அட்டைகளில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. படிவம் இரண்டையும் ஏற்க வேண்டும்.

பரிகாரம் கடினமானதன்று. இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இயன்றவிடத்து முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்குமாறு ஆலோசனை கூறியுள்ளது. 'அடையாள அட்டையில் உள்ளவாறு முழுப்பெயர்' என்று கேட்டாலே குழப்பம் பெரிதும் நீங்கும். விண்ணப்பம் கிடைத்தமையை உடனே அறிவிப்பதும் அவசியமாகும்.

தகுதியை அறிவதற்கான படிவம், பெயரிலேயே ஒருவரை மறித்து நிறுத்தலாகாது. நிறுவனங்கள் இதனைக் கவனத்திற் கொள்ளும் என எதிர்பார்க்கின்றோம்.