கடவுச்சீட்டில் இருக்கும் பெண் யார்?

அடையாள அட்டையின் பெறுமதியை எமது பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்று அதை அனுபவித்தே அறிந்தவர்கள் நாம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்களும், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களும், ஒரு பிறப்புச் சான்றிதழை மீள எடுப்பதற்காகக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை தடவை நடந்திருப்பார்கள்! ஆனால் வெளிநாட்டு வேலை என்றதும், அதே ஆவணங்களை ஒரு பையில் போட்டு, முன்பின் தெரியாத முகவரிடம் கொடுத்துவிடுகின்ற வழக்கம் எம்மிடையே இருக்கின்றது. “தாங்கோ தங்கச்சி, எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்” என்ற ஒரு சொல் போதுமாக இருக்கின்றது.

அவர் என்ன பார்த்துக்கொள்வார் என்பதற்கு மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் கதையை விட வேறு உதாரணம் வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் இருந்ததோ 1982 பெப்ரவரி 2. வேலைக்கு அனுப்புவதற்காக வயது கூட்டப்பட்டிருந்தது. 2005 மே மாதம், பதினேழு வயதில் சவூதி அரேபியா சென்றார். சில வாரங்களுக்குள் அவ்வீட்டுக் கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரைக்கேறியது என்றார் றிசானா. கொலை என்றது வழக்கு. 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சம்பவ நேரத்தில் அவர் சிறுமி என்று வாதிட்டபோது, அங்குள்ளவர்கள் நம்பியது கடவுச்சீட்டிலிருந்த வயதைத்தான். 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. முகவர் எழுதிய ஒரு பொய்த் திகதி, அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தில் கிடைத்திருக்கக்கூடிய பாதுகாப்பைப் பறித்துவிட்டது.

அடையாளத் திருட்டு என்றால் யாரோ உங்கள் பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுவது மட்டுமல்ல. நீங்கள் விமானம் ஏறும் முன்பே, உங்கள் படத்தோடு வேறொரு பெண்ணை உருவாக்கி அனுப்புவதும் திருட்டுத்தான். ஆகவே கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன், பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். தகப்பன் பெயர் முன்னே வருவதாலும், ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவதாலும் எம்மவர்களின் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இருப்பது சகஜம். “அதைச் சரிக்கட்டலாம்” என்று முகவர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழைத் திருத்தப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு இருக்கின்றது. அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கலாம். நாள் எடுக்கும்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விடயம்: அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே உங்கள் பிறந்த திகதி இருக்கின்றது. முதலில் வருவது பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கங்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1985 ஜனவரி 20 இல் பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 85520 என்று தொடங்கும். 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டையில் 1985520. எனவே அட்டையின் பிரதி கிடைத்தவருக்குப் பெயர், விலாசம், வயது எல்லாமே தெரிந்துவிடும். உங்கள் பெயரில் சிம் அட்டை எடுக்கவோ, கடனுக்குப் பிணையாளியாக உங்களைக் காட்டவோ முயல்பவருக்கு வேண்டியதும் இவைதான். நுண்கடன் படுத்தும் பாட்டை அறிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. போட்டோக்கொப்பி கொடுக்கும்போது, அதன் குறுக்கே என்ன தேவைக்கு, யாருக்கு, எந்தத் திகதியில் கொடுக்கின்றீர்கள் என்று பேனையால் எழுதிக் கையொப்பமிடுங்கள். அதை வேறு தேவைக்குப் பாவிப்பது கடினமாகும். வெற்றுத்தாளில் கையொப்பம் வேண்டவே வேண்டாம்.

போன இடத்தில் வீட்டுக்காரர் கடவுச்சீட்டை வாங்கி வைப்பது இன்றும் நடக்கின்றது. சவூதி அரேபியா இதை 2000 ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. சர்வதேச தொழில் அமைப்பின் 2011 ஆம் ஆண்டு 189 ஆம் இலக்கச் சமவாயமும், வீட்டுப் பணியாளர் தமது பயண, அடையாள ஆவணங்களைத் தாமே வைத்திருக்கும் உரிமை உடையவர் என்கின்றது. ஆனால் அந்நிய வீட்டில் தனியே நிற்கும் பெண்ணைப் பார்த்து, சட்டத்தைச் சொல்லிச் சண்டை பிடி என்று இங்கே இருந்து எழுதுவது எனக்குச் சுலபம். அது முடியாத வேளையில், கடவுச்சீட்டு இலக்கமும், இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கமும் மனப்பாடமாக இருக்கட்டும். பிரதியொன்றை உடுப்புப் பெட்டியின் உட்துணிக்குள் வைத்துத் தைத்துவிடலாம். சவூதியில் ‘இக்காமா’ எனப்படும் வதிவிட அட்டை கிடைத்தால் அதன் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வங்கிக்கு வருமானால் வங்கி அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் உங்களிடமே இருக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் குறியீட்டை வங்கியிலிருந்து கதைக்கின்றோம் என்று யார் கேட்டாலும், அவர் தமிழில் அன்பாகக் கதைத்தாலும், சொல்ல வேண்டாம். ஊர்க்காரர் என்றாலும் உங்கள் கணக்கில் அவருடைய பணம் வந்து போக இடமளிக்காதீர்கள். விசாரணை வந்தால் தேடப்படுவது கணக்கின் சொந்தக்காரியைத்தான்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாறலாம் என்று சொல்பவர்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2022 இல் இவ்விதம் அனுப்பப்பட்டு ஓமானில் சிக்கிய இலங்கைப் பெண்களின் நிலை நாடெங்கும் பேசப்பட்டது. முகவருக்கு உரிமம் இருக்கின்றதா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

புறப்படும் முன் ஓர் உறையில் கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள், முகவரின் விலாசம், போகும் வீட்டின் விலாசம், அண்மையில் எடுத்த ஒரு படம் என்பவற்றை வைத்து, அம்மாவிடமோ சகோதரியிடமோ கொடுங்கள். மூலப் பிறப்புச் சான்றிதழும் வீட்டிலேயே இருக்கட்டும். மகளிடமிருந்து இரண்டு மாதமாகச் சத்தம் இல்லை என்று தாய்மார் எம்மிடம் வரும்போது, நாம் முதலில் கேட்பது கடவுச்சீட்டு இலக்கத்தைத்தான்.