சொன்ன திகதிக்கு வேலை முடியாதது ஏன்?

வியாபாரத்தில் தவணை என்பது ஒரு வாக்கு. சொன்ன தவணைக்குச் சரக்கு வராவிட்டால் அடுத்த முறை வேறு ஆளிடம் போவோம். ஆனால் மென்பொருள் தொழிலில் தவணை பிந்துவது உலகெங்கும் வழமையாகிவிட்டது. நமது இளைஞர்கள் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். சிலர் சிறு கம்பனிகளும் நடத்துகிறார்கள். எனவே இதுபற்றி நாமும் சற்று அறிந்துகொள்வது நல்லது.

வேலை பிந்தினால் முதலாளிமார் முதலில் செய்வது ஆட்களைக் கூட்டுவதுதான். 1960களில் ஐ.பீ.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயக்க மென்பொருள் பணியை முகாமை செய்தவர் பிரெட் புரூக்ஸ். அந்த வேலையும் பிந்தியது. பிந்திய வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகப் பழையவர் தன் வேலையை நிறுத்த வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் என்ன வழி? இருக்கும் ஆட்களை அறிந்துகொள்வதே வழி. நியூயோர்க்கில் மென்பொருள் கம்பனி நடத்திய ஜோயல் ஸ்பொல்ஸ்கி 2007இல் ஒரு முறையை விளக்கினார். வேலையை 16 மணித்தியாலங்களுக்கு மேற்படாத சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு நேரம் தேவை என்பதை, அதைச் செய்பவரே சொல்ல வேண்டும். பிறகு உண்மையில் எடுத்த நேரத்தைப் பக்கத்தில் குறித்துவர வேண்டும். இடையில் வந்த தொலைபேசி அழைப்பு, கூட்டம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேரும்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் 4 மணித்தியாலம் என்றால் 8 ஆகிறது; 6 என்றால் 12 ஆகிறது; 10 என்றால் 20 ஆகிறது. இன்னொருவர் மூன்று வேலைகளுக்கும் 8 மணித்தியாலம் என்கிறார். ஒன்று 4இல் முடிகிறது, ஒன்று 8இல் முடிகிறது, மற்றது 24 வரை இழுக்கிறது. கூட்டிப் பார்த்தால் இரண்டாமவர் சொன்னதைப் போல ஒன்றரை மடங்குதான் எடுத்திருக்கிறார். முதலாமவர் இரண்டு மடங்கு எடுக்கிறார். ஆனால் திகதி சொல்ல உதவுபவர் முதலாமவரே. அவர் சொல்வதை இரண்டால் பெருக்கினால் போதும். இரண்டாமவருக்கு ஒரே திகதி சொல்ல முடியாது. அதனால் அவரது பழைய விகிதங்களில் ஒன்றைக் குலுக்கல் போல எடுத்து, மீதி வேலையைக் கணினி நூறு தடவை கணக்கிட்டுப் பார்க்கும். அதில் 80 தடவை ஒரு திகதிக்குள் வேலை முடிந்தால், அத்திகதி நிறைவேற 80 வீத வாய்ப்பு உண்டு என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாம்.

இங்கே முதலாளிமார் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. "தம்பி, பத்து நாள் வேண்டாம், ஐந்து நாளில் முடியுங்கள்" என்று அழுத்தினால் அவரும் சரி என்று தலையாட்டுவார். வேலை சுருங்காது, கணக்குத்தான் பொய்யாகும். அதேபோல் இந்தக் குறிப்பைக் காட்டி ஒருவரைத் திட்டினாலோ சம்பளத்தைக் குறைத்தாலோ, மறுநாள் முதல் எல்லோரும் உங்களுக்குப் பிடித்த இலக்கங்களையே எழுதுவார்கள். பொறியியலாளர் தமது நேரத்தைத் தாமே அளந்து திருந்தும் முறையை 1990களில் வகுத்த வொட்ஸ் ஹம்ப்ரி, அந்தக் குறிப்பு அவருக்கே உரியது என்று வலியுறுத்தியதும் இதனால்தான்.

கணக்கிட்டு வந்த திகதி வாடிக்கையாளரின் தேவைக்குப் பிந்தியதாக இருந்தால், பிள்ளைகளை இரவிரவாக விழிக்க வைக்காமல் வேலையின் அளவைக் குறையுங்கள். அவசியமானதை முதலில் கொடுத்து, மற்றதை அடுத்த கட்டத்துக்கு வைக்கலாம். அதை ஆரம்பத்திலேயே சொன்னால் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். கடைசி நாளில் சொன்னால், அடுத்த வேலையை வேறு இடத்தில் கொடுப்பார்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு, அதில் சொன்ன நேரமும் எடுத்த நேரமும் போதும். சில மாதங்கள் விடாமல் எழுதிவந்தால், யார் எப்படி வேலை செய்பவர் என்பது தெரிந்துவிடும்.